தம்பி படகை இறக்குவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் ஏதோ இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, குட்டிக்கு இருமல் விட்டதா. போனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கு என்று முடித்துவிடுவாய், அதுவும் போக போனில் பேசினால் தம்பி காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் அலுமினியப் படகை அவன் மறுபடி தண்ணீரில் இறக்கப் போகிறான். அப்பா போன பிறகு அது வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்தே கிடந்தது, நானும் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை. போன மாதம் ஒருநாள் நிமிர்த்திப் போட்டு பழைய பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தான், சரி, பிள்ளை கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எஞ்சின் மாட்டுகிற பின்பலகை உளுத்துப்போய் விரலால் குத்தினாலே மாவாகக் கொட்டியது, அதை எடுத்துவிட்டுப் புதுசு போட்டான். ஒழுகுவதைக் கண்டுபிடிக்க படகை இரண்டு பெஞ்சு மேல் ஏற்றி உள்ளே தண்ணீர் விட வேண்டுமாம், தகட்டைச் சேர்த்து அடித்த ரிவிட் ஆணியில் எது லூசோ அந்த வழியாகக் கீழே சொட்டுமாம். நான்தான் சாக்பீஸோடு அடியில் குனிந்து சொட்டின இடத்திலெல்லாம் வட்டம் போட்டேன். அப்பா உட்காருகிற இடத்தில்தான் அதிகம், மனுஷர் கனம் அப்படி. மாமா வந்து பார்த்துவிட்டு, என்னடா இது படகா சல்லடையா, மாவு சலிக்கலாம் போலிருக்கே என்றார், எத்தனையோ நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தேன். ஆனால் கேள், கணுக்கால் அளவு தண்ணீர் போதும் என்று, ஓட்டையை அடைக்கக் கூப்பிட்டிருந்த வெல்டிங்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், இவன் நல்லா தெரியட்டுமே என்று விளிம்பு வரைக்கும் ரொப்பிவிட்டான், பெஞ்சு கால் முறிந்து படகு தடாலென்று விழுந்தது. சாக்பீஸ் தீர்ந்து நான் அப்போதுதான் வெளியே வந்திருந்தேன்.

எஞ்சினிலும் இதே கதைதான், அப்பா வைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிசாக வாங்கி வந்திருக்கிறான். தம்பி, இதைத் தனியா ஓட்டினா பின்னாடி அமுங்கி படகு வானத்தைப் பாத்துக்கிட்டுதான் போகும், ஒரு அலை அடிச்சா மல்லாந்துடும் என்று வெல்டிங்காரர் சொன்னதற்கு, அண்ணே நீங்க ஒட்டுற வேலையை மட்டும் பாருங்க என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டான். எதற்குடா இவ்வளவு பெரிசு என்று நான் தனியாகக் கேட்டேன். அன்னைக்கு நெஞ்சு வலின்னு அப்பா படகைத் திருப்பினாரே, வேகமான எஞ்சினா இருந்திருந்தா கரைக்கு வந்து சேந்திருப்பாரும்மா என்றான். அவனை அந்த எஞ்சின் அறுக்கிறது. என்னை அறுப்பது வேறே, நடுத்தண்ணீரில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட அவர் பக்கத்தில் ஆள் இல்லை.

வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறான், தனியாகத்தான் போவானாம். முன்னால் ஒரு மணல் மூட்டை வைத்தால் மூக்கு தூக்காதாம். நான் இருக்கும்போது மணல் எதற்கு, நானே அங்கே உட்காரப் போகிறேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படகில் கால் வைத்ததில்லை, நீச்சலும் தெரியாது, அது அவனுக்கும் தெரியும். என்னை ஏற்றிக்கொண்டு அவன் எப்படி வேகமாகப் போவான்?

அதற்குள் நீ ஒரு போன் போட்டு பழைய எஞ்சினையே மாட்டச் சொல், ஷெட்டில் நன்றாகத்தான் இருக்கிறது, அக்கா சொன்னால் கொஞ்சம் கேட்பான். சண்டை மட்டும் போடாதே. மிதக்கிற சட்டை இரண்டாக வாங்கச் சொல், இன்னொன்று யாருக்கு என்று சொல்லாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அம்மா