ஆறு கிலோமீட்டர், தொள்ளாயிரம் மீட்டர்

ஐந்தாம் நம்பர் லயத்தின் பேரரசியும், ஏழு தோட்டத்து வாயாடிகளை ஒரே பார்வையில் ஊமையாக்கியவளும், இந்தப் பூவுலகில் என் காதைத் திருகும் உரிமை பெற்றிருந்த ஒரே ஜீவனுமாகிய என் திரேசா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. போன வருஷம் உன் மகள் ஜெசிந்தா பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதினாள். இந்த வருஷம் நான் எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதுங்க மாமா. ஆனா உள்ளத மட்டும் எழுதுங்க" என்றாள். மீனிடம் போய், கரையிலே கொஞ்சம் நீந்திக்காட்டு என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் எழுதுகிறேன். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் ஓடுகிறாள். புருஷனைவிட்டு இல்லை, தாயே, பதறாதே. காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு, செம்பனைக்காட்டுச் சாலையில், யாரும் துரத்தாமல் அவளாகவே ஓடுகிறாள். கோலாலம்பூரில் நடக்கப்போகும் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நம் காலத்தில் அவ்வளவு தூரத்துக்கு லோரிகூட இரண்டு தடவை நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகும்.

மூன்று பிள்ளைகள். கிளினிக் கவுன்ட்டரில் முழுநாள் வேலை. வாரத்தில் நாலு நாள் ஜொகூர் லோரியில் இருக்கும் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழு. இதற்கு நடுவில் எங்கிருந்து நேரம் பிடிக்கிறாள் என்று கேட்காதே. நான் கேட்டதற்கு, "தேடுனா கெடைக்காது மாமா, திருடணும்" என்றாள்.

ஏன் ஓடுகிறாள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? இனிப்பு நீர் வியாதி அவளுக்கும் வாசல் வரை வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். உன் வலது காலை எடுத்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி நடையில் உன் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சாயங்காலம் வரை அப்படியே நின்றாள். மறப்பாளா?

விரலில் செபமாலை மோதிரம் போட்டுக்கொண்டு, அதை உருட்டிக்கொண்டேதான் ஓடுவாள். நாய் துரத்தினால் மட்டும் செபம் கொஞ்சம் வேகமாகும். பின்னால் மோட்டாரில் தண்ணீர்ப் போத்தல்களோடு நான் போவேன். பயிற்சியாளர், பாதுகாவலர், தண்ணீர்த் துறை அமைச்சர் எல்லாம் நானே.

ஆரம்பத்திலேயே அவள் கேட்டாள்: "மாமா, எவ்வளவு தூரம் ஓடுறேன்னு தெரியணும். போனை புள்ளைங்ககிட்ட உட்டுட்டு வர்றேன். ஒரு வாட்ச் வாங்கலாம்னு பாக்குறேன்."

"வாட்சா? தாய்மாமன் நான் ஒருத்தன் உயிரோட இருக்கையில உனக்கு வாட்சா? என் மோட்டார்ல மீட்டர் இருக்கு லா. ஒரு முழம் தப்பாது!"

அக்கா, அந்த மோட்டாரின் மீட்டர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. கேபிள் அறுந்தது, நான் மாற்றவில்லை. முள்ளும் அசையாது, எண்ணும் ஓடாது. அது தெரியாமல் இருக்க ஒரு துண்டை எடுத்து மீட்டர் மேல் போட்டு மூடினேன். கேட்டதற்கு, வெயில் பட்டால் மீட்டர் கெட்டுவிடும் என்றேன். அவளும் தலையாட்டினாள்.

நான் ஏமாற்ற நினைக்கவில்லை என்றால் நம்புவாயா? முதல் முழுச் சுற்றைக் கேள். அவள் வீட்டிலிருந்து செம்பனை வழியாகப் போய், பழைய தோட்டத்துக் கோயிலைச் சுற்றி, வாய்க்கால் பாலம் வந்து, வயல் ஓரமாக வீடு திரும்பும் பாதை. கடைசித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூஞ்சி எல்லாம் சிவந்து, "என்னால ஆவாது மாமா. நா எதுக்கு இதுக்கெல்லாம் ஆசப்பட்டேன்?" என்று அழுதாள். எழுந்து எப்படியோ வீட்டு வாசலுக்கு வந்து, "எவ்வளவு மாமா?" என்று கேட்டாள்.

நான் துண்டைத் தூக்கி, செத்துப்போன முள்ளைப் பார்த்தேன். "பத்து! பத்து கிலோமீட்டர், என் ராஜாத்தி!" என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததே, அது உன் முகம் அக்கா. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க, நான் அந்தப் பத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். இரண்டு சுற்று இருபது. மூன்று சுற்று முப்பது.

என் வாய் உனக்குப் புதிதா? கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்குப் படகு தள்ளிய காலத்தில், ஒரு மரத்துக்கு ஒரு கோடி மின்மினி என்று வெள்ளைக்காரனுக்கே கணக்குச் சொன்னவன் நான். நான் பிடித்த விரால் மீனின் வாலைப் பார்க்க மறுநாள் வர வேண்டும் என்று சொன்னவன். நீ என்ன செய்வாய்? சிரித்துக்கொண்டே, "சவரி சொன்னா பாதிய வெட்டிப்புடணும், மீதியில பாதிய யோசிக்கணும்" என்பாய். நீ வெட்டிக்கொள்வாய் என்ற தைரியத்தில்தான் நான் கூட்டிச் சொல்லியே வளர்ந்தேன். அந்த வெட்டை உன் மகளுக்கு ஏன் சொல்லிக்கொடுக்காமல் போனாய்? அவள் நான் சொல்வதை முழுதாக எடுத்துக்கொள்கிறாளே.

ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. "என் மருமவ ஒரு மணி நேரத்துல பத்து கிலோமீட்டர் பறப்பா. மான் வந்து அவகிட்ட மூச்சு விடக் கத்துக்குது." தேத்தண்ணி ஆற்றுகிறவன் உட்பட எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். ஓடியது அவள். மாலை எனக்கு.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

உன் நினைவுத் திருப்பலிக்கு முந்தின சனிக்கிழமை விடியற்காலை அவள் சொன்னாள்: "மாமா, இன்னிக்கு முப்பதும் அம்மாவுக்கு. அம்மா ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுத்துட்டு ஓடப்போறேன்." மூன்று சுற்று ஓடினாள். மூன்றாவது சுற்றில் நொண்டினாள், நிற்கவில்லை. வாசலில் வந்து என்னைப் பார்த்தாள். நான் துண்டைத் தூக்கினேன். "முப்பது" என்றேன்.

அவள் வியர்வைக் கையோடு ஒரு சீட்டில் "அம்மாவுக்கு 30" என்று எழுதி, உன் படத்துக்குப் பின்னால் செருகினாள். மறுநாள் திருப்பலியில் முழங்காலில் இருந்தாள். பக்கத்தில் நானும் இருந்தேன். ஆமென் கூடச் சொன்னேன், அக்கா.

இரண்டு வாரம் கழித்து, கிளினிக்கில் கூட வேலை செய்யும் பெண் தன் ஓட்ட வாட்சைக் கொடுத்திருக்கிறாள், பந்தயத்தில் கட்டிக்கொள்ள. ஜெசி அதைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓடினாள். வாசலில் நின்று வாட்சைத் தட்டினாள், குலுக்கினாள்.

"மாமா, இந்த வாட்ச் தப்பா காட்டுது."

"எவ்வளவு?"

"ஏழு புள்ளி ஏழாம். நம்ம மீட்டர் பத்துல்ல? பாவம் அந்தப் புள்ள, ஏமாந்து வாங்கிட்டா போல."

மறுநாளே வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வானத்திலிருக்கும் சாட்டிலைட்டை நம்பாமல் என்னை நம்பினாள். செவிட்டில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இந்த வாய், உலகத்தில் எல்லாவற்றுக்கும் திறக்கும் இந்த வாய், ஒன்பது நாள் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பாவசங்கீர்த்தனம் செய்யச் சாமியாரிடம் போனேன். அங்கேயும் தந்திரம்தான். "சாமி, அளவுல கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன்.

"மீன் விக்கிறீங்களா?"

"இல்ல சாமி. தூரம்."

முழுக்கதையும் பிடுங்கிவிட்டார். கடைசியில், "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அவங்க ஓடப்போற தூரம் தெரியுமில்ல? மொதல்ல அங்க போங்க. அப்புறம் இங்க வாங்க" என்றார். முழங்கால் வலிக்கப் பரிகாரம் கொடுப்பார் என்று பார்த்தால், என்னை முழங்கால் போடவே விடவில்லை.

போனேன். ஜெசி பள்ளிக்கூடச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "ஜெசி, அந்த மீட்டர் ஓடாது. பத்து வருஷமா ஓடாது" என்றேன்.

சிரித்தாள். "சும்மா இருங்க மாமா. இன்னிக்கு யாரு தலையில மொளகா அரைக்க வந்தீங்க?"

வாழ்நாளில் முதல் தடவையாக உண்மை சொல்கிறேன், நம்ப ஆளில்லை! சத்தியம் செய்தேன். மாதா மேல் செய்தேன். உன் மேல் செய்தேன். அப்போதுதான் சிரிப்பு நின்றது. வெளியே வந்து, துண்டை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, மீட்டரில் இருந்த எண்ணைப் படித்தாள். "சந்துக் கடை வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றாள். போய் வந்தேன். குனிந்து மறுபடியும் படித்தாள். அதே எண்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாவுக்கு ஓடுனதுமா மாமா?"

அதுவும்தான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. மணிக்கணக்கு என்று எழுதலாம். ஆனால் உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிஷம் இருக்கும்.

உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். உன் படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்து, முப்பதை அடித்துவிட்டு, மேசையில் குனிந்து ஏழு புள்ளி ஏழை மூன்றால் பெருக்கினாள். 23.1 என்று எழுதித் திரும்பவும் செருகினாள். அவ்வளவுதான். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பிள்ளைகள் வந்து "தாத்தா, அம்மா ஏன் கோவமா இருக்காங்க?" என்று கேட்டபோது, வெயில் என்றேன். அதுவும் பொய்.

பதினோராம் நாள் அவளே கூப்பிட்டாள். "சனிக்கெழம நாலு சுத்து ஓடப்போறேன். வாட்ச் திரும்ப வாங்கிட்டேன். நீங்க பாலத்துல தண்ணி மட்டும் புடிங்க. வாயத் தொறக்கக் கூடாது."

பாலத்தில் நின்றேன். பழக்குலை ஏற்றிய டிராக்டர்காரன் விசாரித்தான். பதில் சொல்லவில்லை. முதல் சுற்றில் வந்தாள், குடித்தாள், போனாள். இரண்டு. மூன்று. நாலாவது சுற்றில் அவளை வெகுநேரம் காணோம். பிறகு வந்தாள், சுவரைப் பிடித்துக்கொள்கிறவள் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டு. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. நான் தேய்த்துவிட்டேன். அவள் என் கையைத் தட்டிவிடவில்லை.

"மூணு சுத்துக்கு மேல இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள். "இது தெரியாம அங்க போயி, யாருமில்லாத ஏதோ ஒரு ரோட்டுல..."

எழுந்து மீதியையும் ஓடினாள். முப்பது புள்ளி எட்டு. வாட்சை என் மூக்குக்கு நேராகக் காட்டினாள். பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எந்த வேகத்தில் போக வேண்டும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். என்னால் இல்லை, என்னை மீறி.

நான் மெதுவாகக் கேட்டேன்: "அப்ப அம்மாவோட சீட்ட மாத்திரலாம்ல?"

"எதுக்கு மாத்தணும்? இது எனக்கு ஓடுனது. அம்மாவுக்குக் கொடுத்தது இருவத்து மூணு புள்ளி ஒண்ணுதான். மிச்சத்த நான் கொறைக்கல மாமா. நீங்க கொறச்சீங்க." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்களே பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன், அக்கா. முப்பதுக்குக் குறைகிறது ஏழு என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஏழு இல்லை. ஆறு கிலோமீட்டர், தொள்ளாயிரம் மீட்டர். வரும் சனிக்கிழமை, அதே பாதையில், மோட்டார் இல்லாமல், இந்த இரண்டு கால்களோடு நான் நடப்பேன். ஓட மாட்டேன், முட்டி ஒத்துழைக்காது. வாட்சை ஜெசி கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். கோயில் பக்கம் உட்கார்ந்துவிட்டால், எங்கே உட்கார்ந்தேனோ அந்த எண்ணையே சீட்டில் எழுதுவேன். மறு சனிக்கிழமை அந்த இடத்திலிருந்து எழுந்து நடப்பேன்.

ஒட்டுக்கடையில் பேசியதை ஒட்டுக்கடையிலேயே திருப்பிச் சொன்னேன். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீ கோபமாக இருக்கிறாயா? அங்கிருந்து எட்டிக் காதைத் திருக முடியுமா?

எவ்வளவு நடந்தேன் என்று உன் படத்தின் முன்னால் வந்து சொல்வேன். அந்த எண்ணை மட்டும் நீ பாதியாக வெட்டாதே. அது அப்படியே இருக்கும்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் நிழலில் பொய் சொல்லியே வளர்ந்த உன் தம்பி,
சவரி