யாமினியின் ஆறு வயதுப் பல்

14 நவம்பர் 2022, திங்கள்
குழந்தைகள் தினத்துக்குப் பள்ளியில் கொடுத்த கேக்கை யாமினி இடது பக்கமாகவே மென்றாள். ஏனென்று கேட்டால், “வலது பக்கம் இன்னிக்கு லீவும்மா” என்கிறாள். வாயைத் திறக்கச் சொன்னேன். மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லில் மிளகு நுழையும் அளவுக்குப் பள்ளம்.

என் வீட்டுக்காரர் குணசேகர் எட்டிப் பார்த்தார். “பால் பல்லுதான, விழுந்து மொளைக்கும், வுடு.” எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒன்பது வயதுதானே.

16 நவம்பர்
கன்னம் வீங்கிப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். லிங்கராஜபுரம் பஸ் ஸ்டாப் பக்கத்து டாக்டர் ரக்ஷிதாவிடம் ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்.

“இது பால் பல் இல்லீங்க. ஆறு வயசுல, எந்தப் பல்லும் விழாமலே பின்னாடி தானா மொளைக்கும். ஆயுசுக்கும் இது ஒண்ணுதான்.”

ஒன்றும் விழாததால், ஒன்று வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை!

சொத்தை வேர் வரை போயிருக்கிறதாம். வேர் சிகிச்சை செய்து மூடி போட்டால் காலம் முழுக்க அதைப் பராமரிக்க வேண்டும். இப்போதே எடுத்துவிட்டால், ஈறுக்குள் இருக்கும் அடுத்த கடைவாய்ப் பல் முன்னால் நகர்ந்து இந்த இடத்தில் முளைக்குமாம். “வயசு தள்ளிப்போனா நகராது, சந்து அப்படியே நிக்கும். ஆனா நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்” என்றார்.

18 நவம்பர்
எடுத்துவிடலாம் என்றேன். வீட்டில் சண்டை.

“நெரந்தரப் பல்ல யாராச்சும் புடுங்குவாங்களா? பொம்பளப் புள்ள, பொக்க வாயோட நிக்கணுமா?”

“கடைவாயை யாருங்க எட்டிப் பார்க்கப் போறாங்க?”

கோபத்தோடு சாப்பிட்டார், வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகமாக. அவர் கோபம் வயிறு வரைக்கும் போனதே இல்லை. பிறகு பார்த்தால், கண்ணாடி முன் நின்று தன் கன்னத்தை இழுத்துப் பிடித்துக் கடைவாயை ஆராய்ந்துகொண்டிருக்கிறார், பாவம்.

21 நவம்பர்
சரி என்றுவிட்டார். இப்போது பயம் முழுக்க என்னிடம் வந்துவிட்டது.

26 நவம்பர், சனி
எடுத்தாயிற்று.

“ஸ்வல்ப பாய் தெகி, புட்டா” என்று டாக்டர் கன்னடத்தில் கொஞ்சியதும் யாமினி வாயைத் திறந்தாள். அவள் அழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாதான் கண்ணை மூடிக்கொண்டார்.

பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் குணசேகர், பால் பல்லைக் கூரைமேல் எறிவதுபோல, இதையும் பக்கத்து ஓட்டு வீட்டின்மேல் எறிந்தார். “இது மறுபடி மொளைக்காதுங்க” என்றேன்.

“மொளைக்காட்டி என்ன? பின்னாடி இருக்கறதுக்குத் தகவல் போவட்டும்.”

வாயில் பஞ்சோடு யாமினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. இந்த மனுஷனை என்ன செய்ய?

9 ஜூலை 2023
சந்து அப்படியே இருக்கிறது. டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். குணா ஒரு குத்தல் பேச்சுகூடப் பேசவில்லை — அதுதான் தாங்கவில்லை. அவசரப்பட்டுட்டேனா? நல்லா இருந்த புள்ள வாயைக் கெடுத்துட்டேனோ?

12 அக்டோபர் 2024
ஈறில் வெள்ளையாக ஒரு முனை! நன்றாக முன்னால் தள்ளித்தான் வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும்.

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு
மதியம் பிரியாணி முடிந்ததும், புதுப் பல் முழுசாக வந்துவிட்டது என்றேன். குணா செல்போன் டார்ச்சை அடித்து யாமினியின் வாயை ஆராய்ந்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு இடது பக்கப் பல்லைக் காட்டி, “இதான் புதுசா வந்தது. எனக்குத் தெரியாதா?” என்றார்.

“அது அவ பழைய பல்லுங்க. எடுத்தது வலது பக்கம்.”

நம்பவில்லை. வலது பக்கம் விரலை விட்டுச் சந்தைத் தேடினார். தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த யாமினி நறுக்கென்று கடித்துவிட்டாள். அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு மேரி அக்கா என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்.

விரலைப் பார்த்தேன். பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நல்ல கடி.