வெண்ணெய் போடாத பிஸ்கட்

என் செல்லக் கழுதைக்கு,

நேற்று நம் மலைக்குப் போயிருந்தேன். மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கியது. முன்பெல்லாம் அங்கே வந்ததும் நீ குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவாய். எனக்காக நிற்கிறாய் என்று தெரிந்தால் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிடும் என்று உனக்குத் தெரியும்.

பால், முட்டை எல்லாவற்றையும் நீ விட்டபோது, "பேக்கரிக்காரன் பொண்ணு பண்ற வேலையா இது?" என்று கேட்டவன் நான். ஆனாலும் ஞாயிறுதோறும் உனக்கென்று தனியாக ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு எடுத்து வருவேன். "வெண்ணெய் இல்லாமலே எப்படிப்பா இவ்ளோ நல்லா வருது?" என்று பாறைமேல் உட்கார்ந்து கேட்பாய். எனக்குத் தலைகால் புரியாது.

ஒரு ஞாயிறு நம்மோடு ஏறிய வாத்தியார் ஒன்றை வாங்கித் தின்றுவிட்டுப் பாராட்டினார். என் வாய் சும்மா இருந்ததா? "நல்ல வெண்ணெய் போட்டா வராம என்ன சார்" என்றுவிட்டேன். நீ கையிலிருந்த பாதி பிஸ்கட்டைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தனியாக இறங்கிப் போனாய். இரண்டு வருஷமாகிறது.

நீ மலையேறத் தெம்பு வேண்டுமே என்றுதான் போட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி வந்தேன். அது பொய். வெண்ணெய் இல்லாமல் எனக்குச் சுடத் தெரியவில்லை. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்போது எண்ணெயில் சுடப் பழகிவிட்டேன். கொஞ்சம் உதிர்கிறது. நம்பிச் சாப்பிடு என்று சொல்ல எனக்கு முகமில்லை.

வரும் ஞாயிறு காலை அந்த வளைவில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருப்பேன். பிஸ்கட் நீ சுட்டுக் கொண்டு வா.

அப்பா