மூன்றாம் கொட்டகைக்குப் போன சுண்ணாம்புத் தூள்

4 மார்ச், செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கூலாய் சாலையில் தண்ணீர் தேங்கி, பண்ணைக்குப் போய்ச் சேரத் தாமதம். கலவை அறையில் ஈரம். சோயா மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றச் சொன்னேன்.

மூன்றாம் கொட்டகையில் சிக்கல். தாய்ப்பால் மறந்து ஒரு மாதம் தாண்டிய பன்றிக்குட்டிகள். சில பின்காலை இழுக்கின்றன. சில உட்கார்ந்தபடியே தின்கின்றன. வயிற்றுத் தோலில் பழுப்புப் பொருக்கு. எடை ஏறவில்லை. இரண்டாம் கொட்டகையில் அதே வயதுக் குட்டிகள், நான் கலக்கும் அதே தீவனம். அங்கே எல்லாம் நன்றாக ஓடுகின்றன.

பண்ணை முதலாளி, தவுக்கே லிம், வாசலோடு நின்றுவிட்டார். "காய்ச்சல்தான் வந்துருச்சா, ரோஸ்?" பன்றிக் காய்ச்சல் என்றால் பண்ணையே காலி. தெரியவில்லை என்றேன்.

வீட்டில் துணி துவைக்கும் மெஷின் மறுபடி ஒழுகுகிறது.

5 மார்ச், சாம்பல் புதன்

காலைப் பூசை. நெற்றிச் சாம்பலோடு நேரே பண்ணைக்கு.

மூன்றாம் கொட்டகையில் குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. ஜொகூர் பாருவிலிருந்து கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார். விலா எலும்பை எடுத்து வளைத்தார். முறியவில்லை. வளைந்துகொண்டே போனது.

"படக்குன்னு ஒடியணும். இது பாருங்க, ரப்பர் மாதிரி. பாஸ்பரஸ் பத்தல, இல்லன்னா கால்சியம் ஏறிப்போச்சு. கலவை யாரு பாக்கிறது?"

"நான்தான் டாக்டர். நானேதான் நிறுக்கிறேன்."

என்னை ஒரு கணம் பார்த்தார். தொட்டியிலிருந்து தீவனம் எடுத்துக்கொண்டார். காய்ச்சல் சோதனைக்கு இரத்தமும். முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகுமாம்.

தவுக்கே காத்திருக்கத் தயாரில்லை. "மத்த கொட்டகைக்கும் போயிட்டா? சனிக்கிழமை மூணாம் கொட்டகைய முடிச்சிடலாம்." டாக்டர் பொறுங்கள் என்றார். தவுக்கே கேட்பதாக இல்லை.

மதியம் தராசைச் சரிபார்த்தேன். சரி. மறுபடி பார்த்தேன். சரி.

7 மார்ச், வெள்ளி

வெயில். குழி தோண்ட மெஷின் வந்து கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறது.

மூன்றாம் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர் செல்வம். என்னைவிடச் சின்னவர், இரண்டு பெண்பிள்ளைகளுக்கு அப்பா. சாப்பாட்டு நேரத்தில் கலவை அறைக்கு வந்தார். டிபனைத் திறக்கவே இல்லை.

"அக்கா, நான்தான் போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

"சுண்ணாம்புத் தூள். ஸ்டோர்ல இருந்து. தினம் தொட்டியில ஒரு டப்பா. பெரிய மவளுக்குக் கை ஒடிஞ்சப்போ கிளினிக்ல கால்சியம் குடுத்தாங்க, நல்லாயிருச்சு. இதுங்களுக்கும் எலும்பு கெட்டியாவட்டும்னுதான்."

உட்காரச் சொன்னேன். என் கலவையில் ஏற்கெனவே அளவோடு சுண்ணாம்பு இருக்கிறது, அதற்கு மேல் போனால் அது குடலில் பாஸ்பரஸைக் கட்டிப்போட்டுவிடும், எலும்புக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும், துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாது, தோல் பொருக்கு அதனால்தான் என்றேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு நாளாக என் தராசையே நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு எல்லாத்தையும் கொன்னுடுவாங்களா அக்கா?"

"தவுக்கேகிட்ட சொல்லணும்."

"நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நின்னா போதும்."

ஆபீசில் மலாயில் சொன்னார். தடுமாறாமல், முழுவதும். தவுக்கே மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"வேலை போயிரும்னு பயம், தவுக்கே."

டாக்டருக்கு போன். அவர் சொன்னது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது: எலும்பு, தோல் இரண்டுக்கும் அது பொருந்துகிறது, இரத்த முடிவு வரும்வரை எதையும் கொல்ல வேண்டாம்.

தவுக்கே கையை நீட்டினார். "ஸ்டோர் சாவி." செல்வம் கொடுத்தார். குழி தோண்டும் மெஷினைத் திருப்பி அனுப்பினார்கள்.

வீடு திரும்பும் வழியில் ரமலான் பாசார் சந்தைக் கூட்டம். வீட்டுக்காரருக்கு இறைச்சி வைத்த முர்தபாக் ரொட்டி வாங்கினேன். தவக்காலம், எனக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது. ரொட்டி ஜான் வாங்க நினைத்து, அதிலும் இறைச்சி என்று வாங்கவில்லை.

12 மார்ச், புதன்

சோதனை முடிவு வந்தது. காய்ச்சல் இல்லை. தொட்டித் தீவனத்தில் கால்சியம் மிக அதிகம். தவுக்கே போனைக் காட்டிவிட்டுப் போனார். முகத்தில் எதுவும் இல்லை.

தொட்டிகளைக் கழுவியாயிற்று. என் வழக்கமான கலவை, கூடவே டாக்டர் சொன்ன அளவில் கொஞ்ச நாளைக்குப் பாஸ்பரஸ், துத்தநாகம்.

எழவே முடியாதவற்றை டாக்டர் வலியில்லாமல் ஊசி போட்டு முடித்தார். செல்வம்தான் ஒவ்வொன்றின் தலையையும் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் தரையைக் கழுவினார். யாரும் சொல்லவில்லை.

20 மார்ச், வியாழன்

வேர்வை. மழையே இல்லை. துணி மெஷின் ரிப்பேர்க்காரர் வரவில்லை.

பொருக்கு உதிர்கிறது. அடியில் இளஞ்சிவப்புத் தோல். பெரும்பாலானவை நின்றபடி தின்கின்றன.

செல்வத்தை அனுப்பிவிடலாமா என்று தவுக்கே கேட்டார்.

"அவர் வாயத் திறக்கலன்னா கொட்டகையே போயிருக்கும், தவுக்கே."

"அதுக்கு முன்னாடி போட்டது யாரு?"

பிறகு அவரே, "இருக்கட்டும் லா. சாவி மட்டும் உன்கிட்ட," என்றார்.

28 மார்ச், வெள்ளி

தூறல். மூன்றாம் கொட்டகைக் குட்டிகளை எடை போட்டோம். ஏறியிருக்கிறது. இரண்டாம் கொட்டகைக் குட்டிகளைவிடச் சிறிசுதான். பெரிய அடைப்புக்கு மாற்ற முடிவு.

"வளைஞ்ச காலு நேராயிருமா அக்கா?" என்றார் செல்வம்.

"ஆகாது. எலும்பு இனிமே கெட்டியாகும், ஆனா வளைஞ்சது வளைஞ்சதுதான்."

தலையாட்டினார். கதவைத் திறந்தார். எல்லாம் தள்ளிக்கொண்டு ஓடின. முன்கால் வளைந்த ஒன்று மட்டும் ஈரத்தில் வழுக்கியது. எழுந்தது. மறுபடி வழுக்கியது. தூக்கப் போவார் என்று நினைத்தேன். செல்வம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அதுவாக எழுந்து, நொண்டி நொண்டி வாசலைத் தாண்டி, மற்றவற்றை முட்டிக்கொண்டு தொட்டியில் தலையை விட்டது.