பகை என்ற சொல்லும் உனக்கு அடுத்த இடமும்

என் அன்பு ரெஜினா டீச்சருக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. கந்தப்பளையில் பனி அப்படியேதான் இருக்கிறது. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உன் வகுப்பை ஒரு புதுப் பெண் எடுக்கிறாள். கையெழுத்து சுமார்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. பள்ளி விட்டதும் நீயும் தலைமை ஆசிரியரான என் வீட்டுக்காரரும் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து சொற்களுக்கு வேர் தேடுவீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களிடம் ஒரு குற்றமும் இல்லை. இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

கன்னியர் மடத்தில் தமிழுக்கு முதற்பரிசு வாங்கியவள் நான். என்னிடம் அவர் ஒரு சொல்லுக்காவது பொருள் கேட்டாரா? தேத்தண்ணிதான் கேட்டார்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்குத் தோட்டத்தில் எல்லோரும் மனு எழுதித் திரிந்த வருடம் அது. ஒருநாள் ‘பகை’ என்ற சொல்லை எடுத்தீர்கள்.

“‘பகு’ங்கிறதுல இருந்துதான் பகை. பகுத்தா ரெண்டாகுது, ரெண்டானா எதிரும் புதிருமா நிக்குது,” என்றார் அவர். நீ தலையாட்டினாய்.

நான் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னேன்: “பகுத்துக் குடுத்தா பகை வராதுங்க. ஒருத்தரே எல்லாத்தையும் வச்சுக்கிட்டாத்தான் வரும்.”

“அக்கா, அகராதியில அப்படி இல்லீங்களே,” என்று சிரித்தாய். அவரும் சேர்ந்து சிரித்தார். உன் சிரிப்பை அன்றே மறந்துவிட்டேன்.

நம் கோயில் கல்லறைத் தோட்டம் மலைச்சரிவில் இருப்பதால் இடம் குறைவு, இறந்த ஒழுங்கில்தான் குழி. அவர் போனபோது, பக்கத்து இடத்தை எனக்கு வையுங்கள் என்று பங்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பது கௌரவக் குறைவாகப்பட்டது. ஆறே மாதத்தில் நீ அங்கே போய்ப் படுத்துக்கொண்டாய். அதற்கும் உனக்கு அவசரமா?

போன வாரம் கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொன்னான்: “அம்மா, அந்த வரிசையில டீச்சருக்கு அடுத்தாப்புல ஒரு எடந்தான் மிச்சம். இல்லாட்டி கீழ் வரிசைங்க. அங்கன்னா பெரிய மாஸ்டரோட கால்மாடு.”

அவர் காலடியில் நான் ஏன் கிடக்க வேண்டும்? யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள், நேற்று சுவாமியிடம் போய்க் கேட்டேன். உனக்கு அடுத்த இடம் எனக்கு என்று எழுதிக்கொண்டார். அங்கேயும் நீதான் நடுவில். இனி நீங்கள் பேசுவதெல்லாம் என் காதில் விழாமல் போகாது.

போன கல்லறைத் திருநாளில் அவருக்கு மட்டும் மெழுகுதிரி ஏற்றினேன். நீ பார்த்திருப்பாய். இந்த வருடம் உனக்கும் ஏற்றுவேன், சத்தியமாக. அவருடையதைவிட ஒரு விரல் சின்னதாக.

உனக்கு அடுத்து வரப்போகும்
உன் அக்கா செலின்