கையைத் தூக்கிப் பார்த்தவள்

நம் மகள் அடுத்த மாதம் தோழியரோடு இமயமலையில் நடைப்பயணம் போகிறாள். அவளுக்குக் குளிராடை வாங்க இன்று ஒப்பணக்கார வீதிக் கடைக்குச் சென்றேன். ஆடைக்கட்டைப் பிரித்ததும் புதுத் துணியின் அந்த மெழுகு வாசனை எழுந்தது. பத்தொன்பது ஆண்டுகள் மாலைதோறும் உன் சேலையோடு வீடு வந்த வாசனை. கடைக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் துணியை முகத்தருகே பிடித்துக்கொண்டிருந்தேன். மேடைதோறும் முழங்கித் திரிந்த உன் கணவன் அப்படி நின்றதைக் கண்டிருந்தால் நீ சிரித்திருப்பாய்.

கருமத்தம்பட்டிக்கு அருகே, பனி நாடுகளுக்குக் குளிராடை தைத்து அனுப்பும் கம்பெனியில் நீ தரம் பார்ப்பவள். 'செக்கிங்' என்பீர்கள். உன் மேசைக்கு வந்து, தேறியது என்று நீ உன் எண்ணை ஒட்டினால்தான் ஆடை பெட்டிக்குள் போகும். வெயில் ஊரில் அமர்ந்து, முகமறியா ஆயிரமாயிரம் பேரைக் குளிரிலிருந்து காத்த நீ, அந்த ஆடையை ஒருநாளும் குளிரில் அணிந்தவள் இல்லை. ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாய்: "ஏனுங்க, நான் பாஸ் போட்ட ஜெர்கினு நெசமாவே குளிரு தாங்குதான்னு ஒருக்கா போட்டுப் பாக்கோணுங்க."

அதற்காகவே உதகைக்குப் புறப்பட்டோம். புறப்படும் முன் இதே கடையில்தான் ஆடை தேர்ந்தாய். ஏற்றுமதியில் மிஞ்சியவை மலையாகக் குவிந்திருந்தன. நிறத்தை நீ பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பினாய். தையலின் இரு பக்கமும் கட்டைவிரலை ஊன்றி இழுத்தாய். ஜிப்பை இருபது முறை ஏற்றி இறக்கினாய். முழங்கைத் துணியை நகத்தால் தேய்த்தாய். தோள்பட்டையில் தண்ணீர் விட்டு, துளி உருண்டோடுகிறதா ஊறுகிறதா என்று குனிந்து பார்த்தாய்.

"அக்கா, ஜெர்கின் வாங்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா?" என்றார் கடைக்கார பாய்.

"மாப்பிள்ளைய இந்தளவுக்குப் பாக்கலீங்க பாய். அதான் இப்படி வாயாடியா அமைஞ்சுபோட்டாரு."

இறுதியில் ஒன்றை எடுத்தாய். அதன் உட்பையில் ஒட்டியிருந்த சிறு தாளைக் காட்டி, "என்ர நம்பருங்க" என்றாய். உன் கையால் தேறிய ஆடை. அதையே சோதிக்கத் துணிந்தாய்.

மறுநாள் விடியலில் உதகைக்கு அப்பால் ஒரு புல்வெளியில் நின்றோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் உறைபனி. புல்லின் ஒவ்வொரு நுனியிலும் வெண்மை பூத்திருந்தது. காலடி வைத்த இடமெல்லாம் மெல்ல நொறுங்கியது. தமிழனுக்குப் போர்வை போதும் என்று பேசி வந்தவன் நான். மேடையில் போர்த்திய பொன்னாடைகள் நான்கைச் சுற்றிக்கொண்டு நடுங்கினேன்.

"பல்லு தாளம் போடுதுங்களே. கைதட்ட ஆளக் கூப்புடலாங்களா?" என்றாய்.

பிறகு மேட்டில் ஏறினாய். அங்கே காற்று அறைந்தது. நீ கண்ணை மூடி அசையாது நின்றாய். முகத்தில் மெல்ல ஒரு பெருமிதம் பரவியது. ஆடை தாங்கியது. அடுத்து இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாய். அந்த நொடியில் உன் முகம் மாறியது.

"இங்க நுழையுதுங்க," என்று அக்குளைத் தொட்டாய். சிறு காற்றுதானே என்றேன். "மலையேறறவங்க கையத் தூக்காம ஏற முடியுங்களா? நாங்க மேசை மேல படுக்கப் போட்டுத்தான் பாக்கறோம். கையத் தூக்குன சட்டைய நான் ஒருநாளும் பாக்கலீங்க."

மேட்டுப்பாளையம் வரும்வரை பேருந்தில் நீ அந்த அக்குள் தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தாய்.

வாங்குவோர் எவரும் குறை சொன்னதில்லை. நீயாகச் சொன்னால், உன் அத்தனை ஆண்டு உழைப்பை நீயே குற்றக்கூண்டில் ஏற்றுவதாகும், வேலையும் போகலாம். சொல்லியே தீருவேன் என்று நீ நின்றதும், நான் கொதித்தெழுந்து கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு முறையீடு எழுதினேன். படித்து, மடித்து, திருப்பித் தந்தாய். "நல்லாருக்குதுங்க. ஆனா இதுல தப்பு பூராவும் கம்பெனி மேல இருக்குது. பாதி என்ர மேலங்க."

நீயே மூன்று வரி எழுதி மேலாளரிடம் கொடுத்தாய். "குளிரில் போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கினால் அக்குள் தையலில் காற்று நுழைகிறது. இத்தனை வருசம் அதைப் பார்க்காமல் பாஸ் போட்டது என் தப்பு."

மேலாளர் உன்னை மேசையிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்டும் பக்கம் அனுப்பினார். ஒரு மாதம் வெட்டினாய். அதற்குள் யாரோ உன் தாளை மறுபடி படித்திருக்க வேண்டும். அக்குள் தையலின்மேல் ஒரு பட்டை கூடுதலாக ஒட்டத் தொடங்கினார்கள். உன்னை மேசைக்குத் திரும்ப அழைத்தார்கள். அன்று முதல் ஒவ்வோர் அடுக்கிலும் ஒன்றை யாரேனும் அணிந்து கை தூக்கிக் காட்டிய பிறகே எண் ஒட்டினாய். உன் பெயரை எவரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

நீ மறைந்து இரண்டு ஆண்டாகிறது. நாற்பது ஆண்டு மேடையில் நான் எத்தனையோ பேரைக் குற்றம் சாட்டியிருக்கிறேன். 'என் தப்பு' என்ற உன் மூன்றாம் வரிக்கு நிகராக ஒரு சொற்றொடர் என் வாயிலிருந்து வந்ததில்லை. இப்போதெல்லாம் உரையை எழுதி முடித்ததும், அப்படியொரு வரி அதில் இருக்கிறதா என்று தேடுகிறேன். பல நாள் இருப்பதில்லை. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி உட்காருகிறேன்.