எந்த நாளில் வேகத்தைக் கூட்டினாய்?

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
14 மார்ச் 1999

மகன் சுகிர்தன் அறிய,

மெல்பர்னுக்குப் பலமுறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் உன் அறை நண்பனே எடுத்தான். அம்மா அழைத்தபோது மட்டும் நீ இருந்தாய். "அப்பாவோடை பிறகு கதைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டாயாம். ஆகவே எழுதுகிறேன். என் நண்பர் சபாபதியின் மகள் இன்று மெல்பர்னுக்கு விமானம் ஏறுகிறாள்; நாளை இதை உன் கையில் தருவாள். அவள் எதிரிலேயே பிரித்துப் படி.

சென்ற செப்டம்பர் விடுமுறையில் நாம் கணினி வாங்கிய நாளை நினைவுபடுத்துகிறேன். என் கட்டடக் கணக்குகளுக்காக கணினியின் மூளையான ப்ராசஸரில் மிக விலையுயர்ந்ததையே வாங்க நான் ஆயத்தமாக இருந்தேன். நடுத்தர விலையில் உள்ளதே உன் விளையாட்டுக்கும் என் வேலைக்கும் போதும் என்று நீ வாதிட்டாய். நன்றாகவே படித்து வந்திருந்தாய், நானும் ஏற்றுக்கொண்டேன். அப்போது கடைக்காரர் சிரித்தார்: "அங்கிள், பேருக்குத்தான் இது முந்நூறு மெகாஹெர்ட்ஸ். தம்பி வீட்டுக்குப் போய் நானூத்தம்பது ஆக்கிடுவாரு லா. ஓசி ஸ்பீடு!" நான் சிரிக்கவில்லை. எந்த வேகத்துக்குச் சோதித்து விற்றார்களோ அந்த வேகத்திலேயே அது ஓட வேண்டும் என்றேன். "சரி அப்பா, தொட மாட்டன்" என்று அவர் முன்னிலையில் சொன்னாய்.

காலையில் சாமிக்கு விளக்கேற்றியதும் அம்மாதான் கணினியையும் போட்டுவைப்பாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அது தயாராக இருக்கும். ஆகையால் தொடக்கத் திரையில் வரும் வேக எண்ணை நான் பார்ப்பதேயில்லை. இது உனக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற வாரம் தளத்தைத் தாங்கும் ஒரே பீமின் கணக்கை இருமுறை ஓட்ட நேர்ந்தது. கொடுத்த எண்களில் மாற்றமில்லை. வந்த விடைகள் வேறு வேறு. கணினியை அணைத்து மீண்டும் போட்டேன். திரையில் நானூற்றைம்பது என்றிருந்தது. வேகத்தை முந்நூறுக்கு இறக்கியபின் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வருகிறது. உன் விளையாட்டில் ஒரு புள்ளி நிறம் மாறியிருக்கும். நீ கவனித்திருக்கவும் மாட்டாய். என் கணக்கில் அது கம்பியின் அளவு.

கையாலும் சரிபார்ப்பேன் என்பது உண்மை. ஆனால் அது பெரும் பிழைகளை மட்டுமே காட்டும். இப்போது ஒவ்வொரு பீமையும் முதலிலிருந்து போட்டு வருகிறேன். சுங்கை வேயில் பெரியகருப்பன் நடத்தும் டியூஷன் நிலையத்தில் புதிதாகக் கூட்டிய மாடியில் ஒரு பீமுக்குக் கம்பி போதவில்லை.

செவ்வாய் மாலை அங்கே போனேன். படிக்கட்டின் அடியில் பிள்ளைகளின் செருப்புகள் குவிந்து கிடந்தன. தலைக்கு மேலே யாரோ மேசையை இழுத்தார்கள். பெரியகருப்பனை வெளியே அழைத்தேன். மாடியை மூடச் சொன்னதற்குப் பெரியகருப்பன், "என்ன ஸார், பரீட்சை நேரத்துல! விரிசல்கூட இல்லையே, புள்ளைங்கள எங்க ஒக்கார வெக்கிறது?" என்று கத்தினார். பிள்ளைகள் இறங்கும்வரை நான் நகரவில்லை. இப்போது அங்கே முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அது ஒன்றுதான் என்றால் உன்னை இவ்வளவு துரத்த மாட்டேன். செப்டம்பருக்குப் பின் இந்தக் கணினியில் கணக்கிட்டு நான் கையொப்பமிட்ட கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. கிள்ளானில் குடும்பங்கள் வசிக்கும், மாடி கூட்டிய கடைவீடுகள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கிளினிக். கையால் எல்லாவற்றையும் முடிக்க வாரங்கள் ஆகும். எங்கே முதலில் ஆட்களை வெளியேற்றுவது? வாங்கிய அன்றே வேகத்தைக் கூட்டினாயா, டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோதா? டிசம்பர் என்றால் அதற்கு முன்பே கணக்கிட்ட கடைவீடுகள் தப்பின. செப்டம்பர் என்றால் நீ சொன்ன அன்றே அவர்கள் கதவைத் தட்ட வேண்டும்.

நீ ஏன் பேச மறுக்கிறாய் என்று எனக்கு விளங்குகிறது. இருபத்திரண்டு வயதில் உனக்கு என் கோபம்தான் பெரிதாகத் தெரிகிறது. என் கோபத்தை ஒரு புறம் வை. அது எங்கும் போய்விடாது.

பொறியாளர் வாரியத்துக்கு நானே எழுதிவிட்டேன். கையொப்பம் என்னுடையது, கணினியும் என்னுடையது. அந்தக் கடிதத்தில் உன் பெயர் இல்லை. இனி யார் கேட்டாலும் வராது. அம்மாவுக்கும் இயந்திரக் கோளாறு என்றே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். ஒரு மாதத்தின் பெயர் போதும். நினைவில்லை என்றால் அதையும் சொல், எல்லோரையும் வெளியேற்றுகிறேன். இதைப் படித்தவுடன் அழை. நான் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பேன். நீ சொல்லும்வரை ஒரு வார்த்தையும் குறுக்கே பேச மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாயிருக்க வேண்டும்.

அப்பா,
க. சிவகுருநாதன்